அட்டவணை வேலையைக் குறைக்காது

தனக்கு நேரம் போதவில்லை என்று ஓர் அம்மா வாய்விட்டுச் சொன்னால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு: நீ சரியாகத் திட்டமிடவில்லை. பெண்கள் இதழ்களில், யூடியூப் சேனல்களில், மகளிர் தினத்துக்கு அலுவலகங்கள் நடத்தும் பயிலரங்குகளில், பல வீடுகளில் கணவரின் வாயிலிருந்தே இந்தப் பதில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார். என்றைக்கு என்ன சமையல், எப்போது துணி துவைப்பது, எந்த நாள் மளிகை, எத்தனை மணிக்குப் பிள்ளைக்குப் பாடம் என்று எல்லாவற்றையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டு. வெங்காயத்தை உரித்து, இஞ்சி பூண்டை அரைத்து டப்பாவில் அடைத்து வை. திங்கள் முதல் சனி வரை வாரம் தானாக ஓடும். இந்தக் கருத்து இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்று. அது தவறு என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

அதற்குரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுகிறேன். தினமும் எழுந்ததும் ‘இன்னைக்கு என்ன பண்றது’ என்று யோசிப்பது ஆளைக் களைக்க வைக்கும். திங்கள் எலுமிச்சை சாதம், செவ்வாய் புளிக்குழம்பு என்று முன்பே முடிவாகியிருந்தால் அந்த யோசனை மிச்சம். பட்டியலோடு கடைக்குப் போனால் மறுபடி மறுபடி ஓட வேண்டாம். கீரை வாடாது, கொத்தமல்லி அழுகாது. கரன்ட் பில்லின் கடைசித் தேதியும் தடுப்பூசித் தேதியும் தவறாது. பிள்ளைகளுக்கும் ஓர் ஒழுங்கு பிடிபடும். வாரத் திட்டத்தைச் சிபாரிசு செய்பவர்களில் பலர் அதைச் செய்து பலன் கண்டவர்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அந்தப் பலன்களை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து அவர்கள் தாவும் முடிவை மறுக்கிறேன். தாயின் சுமை அவளுடைய திறமைக் குறைவால் வருகிறது, திறமை கூடினால் சுமை இறங்கும் என்பது அந்த முடிவு.

முதல் மறுப்பு: கணக்கு இதற்கு இடம் கொடுக்கவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எதெதற்குச் செலவிடுகிறார்கள் என்று கேட்டு எழுதியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் இருந்தார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம். இந்த 97ஐப் பார்த்து ஆறுதல் அடைவதற்கு முன் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். பெண்களில் 81.2 சதவீதம் பேர் அந்த வேலையைச் செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான். ஏறக்குறைய நாலில் மூன்று ஆண்கள் அன்று அடுப்பையும் தொடவில்லை, துடைப்பத்தையும் தொடவில்லை. அவர்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பெண்ணுக்கு 243 நிமிடம், ஆணுக்கு 25.

2024இல் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். வீட்டு வேலை செய்த பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. இருவருக்கும் நடுவே இருந்த 202 நிமிட இடைவெளி 201 நிமிடம் ஆயிற்று. ஐந்து வருடத்தில் நடந்த மாற்றம் ஒரு நிமிடம்.

இந்த 201 நிமிடத்தை எந்த அட்டவணையால் கரைக்க முடியும்? அட்டவணை ஒரு வேலையைச் செவ்வாயிலிருந்து ஞாயிற்றுக்கு நகர்த்தும். ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு நகர்த்தாது. ஞாயிற்றுக்கிழமை உரித்து வைத்த வெங்காயமும் அவள் உரித்ததுதான், அதுவும் வீட்டில் மற்றவர்கள் மதியம் படுத்துத் தூங்கிய நேரத்தில்.

இரண்டாவது மறுப்பு: திட்டமிடுவதே ஒரு வேலை. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் ‘செவ்வாய் காலை: இட்லி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தைத் திறந்து பார்ப்போம். இட்லி அரிசி தீரப்போகிறதா என்று சனிக்கிழமையே டப்பாவை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். திங்கள் காலை கிளம்பும் முன் அரிசியை ஊறப்போட வேண்டும். உளுந்து அத்தனை நேரம் வெளியில் ஊறினால் நாறிப்போகும். அதை ஃப்ரிட்ஜுக்குள் ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருப்பவருக்கு மதியம் போன் போட்டு ஞாபகப்படுத்த வேண்டும். மாலை வந்து செருப்பைக் கழற்றியதும் கிரைண்டர். உளுந்து முதலில், தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பந்துபோல வரும்வரை, பிறகு அரிசி, பிறகு உப்புப் போட்டுக் கையால் கரைக்க வேண்டும். சித்திரை மாதமென்றால் மாவு பொங்கி மேடையெல்லாம் வழியும், அதனால் படுக்கும் முன் பெரிய பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். மார்கழியென்றால் விடியும்வரை பொங்கியிருக்காது, அதனால் நேரத்தோடு அரைத்திருக்க வேண்டும். கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். சட்னிக்குத் தேங்காய் இருக்கிறதா, சின்னவனுக்குக் காரம் ஆகாதே, பெரியவளின் டப்பாவில் தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் கெட்டுவிடுமே என்பதையெல்லாம் யாரோ ஒருவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கடை மாவு வாங்கலாமே என்பீர்கள். வாங்குகிறோம். பாக்கெட் தீர்ந்துபோனதைக் கவனிப்பவளும் அவளே.

ஒரு கட்டத்துக்குள் இத்தனை இருக்கிறது. வாரத்துக்கு இருபதுக்குக் குறையாத கட்டங்கள்.

இந்தத் தலைவேலையைச் சமூகவியலாளர் ஆலிசன் டேமிங்கர் அமெரிக்கத் தம்பதியரிடம் ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீட்டைப் பற்றிய சிந்தனையை அவர் நாலாகப் பிரித்தார்: தேவை வரப்போவதை முன்கூட்டி உணர்வது, அதற்கு என்ன வழிகள் என்று தேடுவது, முடிவெடுப்பது, எடுத்த முடிவு நடந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. முடிவெடுக்கும்போது கணவனும் மனைவியும் ஓரளவு சமமாக உட்காருகிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கடைசிவரை கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்ணிடமே இருக்கின்றன. நம் வீடுகளுக்கு இது அப்படியே பொருந்தும். எந்தப் பள்ளி என்று முடிவுசெய்ய அப்பா வருவார். விண்ணப்பம் என்றைக்குக் கொடுக்கிறார்கள், பிறப்புச் சான்றிதழ் எந்தப் பையில் இருக்கிறது என்பது அம்மாவின் பொறுப்பு.

‘சொன்னா செய்யப்போறேன், நீ சொல்றதே இல்லையே’ என்கிற கணவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் வந்த அவர் கால்வேலையைச் செய்தார், அவ்வளவுதான். என்ன தீர்ந்தது, எவ்வளவு வேண்டும், எந்த பிராண்ட், எப்போதைக்குள் என்ற தலைவேலை அவளிடமே தங்கிவிட்டது. வாரத் திட்டம் என்ற யோசனை செய்வது இதைத்தான். ஏற்கெனவே அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த வேலைக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, அதை அவளுடைய கடமையாக உறுதிசெய்கிறது. நான் பார்த்த இத்தகைய அட்டவணைகளில் நாள், நேரம், வேலை என்று மூன்று பத்திகள் இருந்தன. யார் செய்வது என்ற பத்தி இல்லை. அதை எழுதத் தேவையில்லை என்று போட்டவர்களுக்கும் ஒட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது மறுப்பு: அவளுடைய நேரம் அவள் கையில் இருக்கிறதென்று யார் சொன்னது?

வாரத்தைத் திட்டமிடும் கலை மேலாளர்களுக்குப் பொருந்தும். மேலாளர் ஒரு கூட்டத்தைப் புதன்கிழமை வைத்தால் மற்றவர்கள் அதற்கேற்பத் தங்கள் புதன்கிழமையை வளைத்துக்கொள்வார்கள். அம்மாவின் நிலை நேர் தலைகீழ். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, எத்தனை மணிக்கு என்று அவளைக் கேட்டு வருவதில்லை. சிலிண்டர்காரர் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். பள்ளி வேன் பத்து நிமிடம் முன்னால் வந்து ஹாரன் அடிக்கும். இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு வாட்சப் குழுவில் செய்தி விழுகிறது: நாளை பச்சை நிற உடை, ஒரு சார்ட் பேப்பர், ஐந்து விதமான இலைகள். தெருமுனை ஸ்டேஷனரி கடை ஷட்டரை இறக்கும் நேரம் அது. அந்தக் குழுவில் இருப்பது பெரும்பாலும் அம்மாவின் எண். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு நிற்பவளும் அவள்தான், ஏனென்றால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளி அவளுக்குத்தான் போன் செய்யும்.

இப்படிப் பல பேர் கையில் சிதறிக்கிடக்கும் ஒரு வாரத்தை ஞாயிற்றுக்கிழமை அவள் தாளில் கட்டிப்போடுகிறாள். செவ்வாய்க்கிழமை அது அவிழ்ந்துவிடுகிறது. விளைவு என்ன? திட்டம் இல்லாத காலத்தில் அவளுக்கு வேலை மட்டும் இருந்தது. இப்போது வேலையோடு, திட்டத்தைக்கூடக் காப்பாற்றத் தெரியவில்லையே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துவிட்டது. என் கோபத்துக்கு முதல் காரணம் இதுதான். தோற்கும்படி அமைந்த ஒரு காரியத்தை ஒருத்தியிடம் கொடுத்து, தோற்றதும் அவளையே குறை சொல்லும் யோசனையை உதவி என்று அழைக்க முடியாது.

நான்காவது மறுப்பு: எந்த அம்மாவைப் பற்றிப் பேசுகிறோம்?

வாரத்துக்கு ஒருமுறை வாங்கு என்பதற்கு வாரத்துக்கான பணம் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். மொத்தமாகச் சமைத்து வை என்பதற்கு ஃப்ரிட்ஜ் வேண்டும், அதில் இடமும் வேண்டும். அன்றன்றைய கூலியில் அரைலிட்டர் எண்ணெயும் கால்கிலோ பருப்பும் வாங்கும் பெண்ணுக்கு இந்த யோசனையில் ஒரு வரிகூடப் பயன்படாது. திருப்பூரில் ஆர்டர் அவசரம் என்றால் பனியன் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் நீளும். அது நீளும் என்பது மாலை டீ நேரத்துக்குப் பிறகுதான் தெரியும். அந்த அம்மா எதை வைத்து வாரம் போடுவாள்? நகரத்து அடுக்குமாடி வீட்டின் அழகான அட்டவணை பிசகாமல் ஓடுகிறது என்றால் அநேகமாக அதற்குள் இன்னொரு பெண் இருக்கிறாள். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா அவள். அவளுக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கின்றன. அவள் லீவு போட்டால் அட்டவணை குலைகிறது. அவளுடைய வாரம் எப்படிக் குலைகிறது என்று எந்த இதழும் கேட்டதில்லை.

ஐந்தாவது மறுப்பு: இந்த மருந்தை நூறு வருடம் குடித்துப் பார்த்தாகிவிட்டது.

அமெரிக்காவில் ஃபிரெடரிக் டெய்லர் தொழிற்சாலை வேலையை நிமிடக் கணக்கில் அளந்து சீராக்கும் முறையை 1911இல் நூலாக எழுதினார். அடுத்த வருடமே கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற பெண் அதை அடுக்களைக்குக் கொண்டுவந்து ஒரு மகளிர் இதழில் தொடர் எழுதினார். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், பாத்திரத்தை எந்த வரிசையில் கழுவினால் கை அசைவு மிச்சம், எந்த நாளில் எந்த வேலை என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு சொன்னார். இன்றைய வாரத் திட்டக்காரர்கள் சொல்வதில் பெரும்பகுதியை அவர் அன்றே சொல்லிவிட்டார். கூடவே குழாய்த் தண்ணீர், சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வந்தன. நேரம் மிஞ்சியதா? ஜோன் வானெக் 1974இல் பழைய ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். சம்பள வேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். 1960களில் சுமார் 55 மணி நேரம். கூடியிருந்தது. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் காரணத்தை விரித்தார்: வேலை எளிதானதும் அதன் தரமும் அளவும் உயர்த்தப்பட்டன. வாரம் ஒருமுறை மாற்றிய சட்டையைத் தினமும் மாற்றத் தொடங்கினார்கள். முன்பு ஆணும் பிள்ளைகளும் செய்த வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டது, பெண்ணின் பங்கு அப்படியே நின்றது.

நமக்கும் இது தெரிந்த கதை. ஆட்டுக்கல்லும் அம்மியும் போய் கிரைண்டரும் மிக்ஸியும் வந்தது உண்மையான விடுதலை. தோள்பட்டை வலி தெரிந்தவர்கள் அதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். 2011இல் தமிழக அரசு அவற்றை விலையில்லாமல் கொடுத்தபோது ஏழை வீடுகளுக்கும் அந்த விடுதலை போய்ச் சேர்ந்தது. ஆனால் உடம்புக்கு ஓய்வு கிடைத்த அளவுக்கு நேரத்துக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று இருந்த சாப்பாடு, காலைக்கு ஒன்று, பிள்ளையின் ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு ஒன்று, லஞ்ச் டப்பாவுக்கு ஒன்று, இரவுக்குச் சூடாக ஒன்று என்று ஆயிற்று. மிச்சம் பிடித்த நிமிடத்தை வீடு உடனே எடுத்துக்கொள்ளும். திட்டமிட்டு மிச்சம் பிடிக்கும் நிமிடத்துக்கும் இதே கதிதான்.

‘கணவர் வெளிவேலை பார்க்கிறாரே’ என்று ஒரு வாதம் வரும். பார்க்கிறார். வண்டி சர்வீஸ், வரி, வங்கி, பிளம்பரைக் கூப்பிடுவது. இவை மாதத்துக்கு ஒருமுறை வருபவை; இன்று முடியாவிட்டால் சனிக்கிழமை செய்யலாம். பசிக்கும் பிள்ளையைச் சனிக்கிழமைவரை நிறுத்திவைக்க முடியாது. தள்ளிப்போடக்கூடிய வேலைகள் ஒருவரிடமும் தள்ளிப்போட முடியாத வேலைகள் மற்றவரிடமும் இருந்தால், மணிக்கணக்கு சமமாகவே இருந்தாலும் அது சமமில்லை. ‘மாமியார் உதவுகிறாரே’ என்றால், அவரும் ஒரு பெண். அறுபது வயதைத் தாண்டிய பெண்.

தாயின் நேரத்தை உண்மையில் மிச்சப்படுத்தியது எது என்று பார்த்தால் வழி தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை; அடுத்த ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் லட்சக்கணக்கான அம்மாக்களின் காலையிலிருந்து ஒரு முழு வேலை கழன்றது: யோசிப்பது, வாங்குவது, செய்வது, ஊட்டுவது, கழுவுவது எல்லாமாக. அந்த உணவைச் சமைப்பவர்களும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். ஆனால் அங்கே அது கூலி உள்ள வேலை. 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு பயன்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் அலுவலகத்தில் அது எந்த மாடியில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். மகளிர் தினப் பயிலரங்கு நடத்தும் நிறுவனங்கள் முதலில் இந்த விதியைக் கடைப்பிடிக்கட்டும்.

2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இழப்பீட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சாலை விபத்தில் கணவனும் மனைவியும் இறந்துவிட்டார்கள். இல்லத்தரசியான அந்தப் பெண்ணின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி வந்தபோது, நீதிபதிகள் மேலே சொன்ன அதே 2019 கணக்கெடுப்பை எடுத்துக்காட்டினார்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பராமரித்த மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவளுக்குச் சம பங்கு உண்டு என்றது. இறந்தவளின் உழைப்பையும் சொத்துத் தகராறில் நிற்பவளின் உழைப்பையும் நீதிமன்றம் அளக்கிறது. உயிரோடு அடுக்களையில் நிற்பவளிடம் மட்டும் நாம் இன்னும் திறமையாக இரு என்கிறோம்.

கடைசியாக, வாரத் திட்டக்காரர்களின் பலமான வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. சமூகம் மாறும்போது மாறட்டும், நாளை திங்கட்கிழமை, அதுவரை அவள் என்ன செய்வாள்? நியாயமான கேள்வி. திட்டம் போடட்டும். ஆனால் தனியாக உட்கார்ந்து போட வேண்டாம். வீட்டில் பத்து வயதைத் தாண்டிய எல்லோரும் உட்காரட்டும். முதலில் எழுதப்பட வேண்டியது அவள் ஓய்வெடுக்கும் நேரம்; மற்ற வேலைகள் அதைச் சுற்றி இடம் தேடிக்கொள்ளட்டும். அடுத்தது, எதைச் செய்யாமல் விடுவது என்று முடிவெடுப்பது. துணியை இஸ்திரி போடாமல் மடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிறகு ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் ஒரு பெயர். பெயர் போட்டவர் அந்த வேலையைத் தலையோடு எடுத்துக்கொள்ள வேண்டும், கைவேலையை மட்டும் எடுத்தால் போதாது. பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த வாரம் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், செய்தியை அப்பாவின் எண்ணுக்கும் அனுப்புங்கள். இதற்குச் செலவே கிடையாது.

இதை வாசிக்கும் கணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவளுக்கு இன்னொரு டைரி வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வாரம் காலை டிபனை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு தீர்ந்ததைக் கவனிப்பதிலிருந்து கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதுவரை, ஆறு நாளும், உப்பு எங்கே இருக்கிறது என்று அவளிடம் ஒருமுறைகூடக் கேட்காமல் செய்யுங்கள்.